மாக்டான் குளத்து லாத்தோ

முதல் நாள், ஞாயிறு

சென்னையில் நள்ளிரவுக்குப் பின் விமானம் ஏறி, சிங்கப்பூரில் நான்கு மணி நேரம் காத்திருந்து, பிலிப்பைன்ஸ் நாட்டின் செபுவில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்தோம். செபு விமான நிலையம் என்று பேச்சு வழக்கில் சொன்னாலும் அது உண்மையில் இருப்பது செபுவை ஒட்டிக் கிடக்கும் மாக்டான் என்னும் சிறு தீவில். 1521 ஏப்ரல் 27 அன்று மெகல்லன் கொல்லப்பட்ட தீவு இது. அவரை எதிர்த்து நின்ற தலைவன் லாபு-லாபுவின் பெயர்தான் இன்று நகரத்தின் பெயர். வருகிறவர்கள் எல்லாம் அவனுடைய சிலையைப் பார்க்கப் போகிறார்கள். நானும் என் கணவரும் வந்தது ஒரு பாசியைப் பார்க்க.

கல்லூரியில் தாவரவியல் நடத்திய முப்பத்தோர் ஆண்டுகளும் கௌலெர்பா என்னும் பச்சைப்பாசியைப் பற்றி நான் கரும்பலகையில் எழுதியது ஏறக்குறைய ஒரே வாக்கியம்: உடல் முழுவதும் ஒரே செல், குறுக்குச் சுவர் இல்லை, உட்கருக்கள் பல. ஆய்வகத்தில் அதற்குச் சாட்சியாக இருந்தது ஃபார்மலின் புட்டிக்குள் நிறம் செத்துப் பழுப்பாகிப்போன ஒரு கொத்து. ஒரு செல் எப்படி அவ்வளவு நீளம் இருக்க முடியும் என்று ஆண்டுக்கு ஒரு மாணவியாவது கேட்பாள். நானும் விடை சொல்வேன். ஆனால் உயிரோடு இருக்கும் அந்தச் செல்லை நான் கையில் பிடித்ததே இல்லை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறுத்தத் தொடங்கியது.

இரவு, விடுதிக்கு எதிரே தணலில் மீன் சுட்டுத் தரும் கடைக்குப் போனோம். தென்னை ஓலைக் கூட்டுக்குள் வேகவைத்த சோறு, சுட்ட மீன், அதன் பக்கத்தில் ஒரு சிறு தட்டு நிறைய பச்சை. விரல் நீளத்துக் காம்புகளைச் சுற்றிக் கண்ணாடி மணிகளைக் கோத்தது போல நெருங்கிய உருண்டைகள். மேலே தக்காளியும் வெங்காயமும் தூவப்பட்டிருந்தன. ஒவ்வோர் உருண்டையும் கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட அளவு. செபு மக்கள் லாத்தோ என்று அழைக்கும் கௌலெர்பா லென்டில்லிஃபெரா இதுதான். வாயில் போட்டு மெல்ல, உருண்டைகள் படபடவென்று வெடித்தன. உப்பும், உப்புக்குப் பின்னால் மெல்லிய ஓர் இனிப்பும், ஈரமான கடற்கரை வாசனையும். என் கணவர் ஒன்றே ஒன்றை எடுத்து நாவில் உருட்டிப் பார்த்துவிட்டு, மீன் முட்டை போல இருக்கிறது என்று சொல்லி மீன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாம் நாள், திங்கள்

லாத்தோ வளர்க்கும் குளங்களுக்கு எங்களை ஒரு டிரைசிக்கிள்காரர் அழைத்துப் போனார். வயதில் மூத்த ஆணை ‘நோங்’ என்றும் பெண்ணை ‘நாங்’ என்றும் அழைக்க வேண்டும் என்று விடுதியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அண்ணே, அக்கா என்று நாம் அழைப்பதற்கு ஈடானவை அவை. நோங் கொஞ்சம் ஆங்கிலம் பேசினார். குளத்துக்குச் சொந்தக்காரரான நாங் செபுவானோ மட்டும் பேசினார். ஆகவே அன்றைய உரையாடல் முழுவதும் மூன்று மொழிகளில் சுற்றி வந்தது.

அலையாத்தி மரங்களைத் தாண்டியதும் கண்ட காட்சி என்னைக் காட்டிலும் என் கணவரைத்தான் நிறுத்தி வைத்தது. தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர். நேர்கோடாக மண் வரப்புகள், வரப்புகளுக்கு இடையே பாத்திகள், கடல் பக்கம் மரப்பலகை செருகிய மதகு. வெள்ளை உப்புக் குவியல் ஒன்றுதான் குறை. இறங்கிப் பார்த்தால் பாத்தியின் அடிச் சேறு முழுவதும் பச்சை விரித்தது போல் பாசி கிடந்தது. தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேல்.

இந்தக் குளங்கள் முதலில் பாசிக்காக வெட்டப்பட்டவை அல்ல. மீன் வளர்க்க வெட்டப்பட்டவை. 1950களின் தொடக்கத்தில், மீன்களுக்கு இரையாகக் கடலிலிருந்து வாரிவந்து போட்ட பாசிகளோடு லாத்தோவும் தற்செயலாக உள்ளே வந்திருக்கிறது. வந்தது சேற்றில் வேர் பிடித்து, மீனைக் காட்டிலும் நன்றாக விளைந்து, சந்தையில் விலையும் போயிற்று. 1980களில் மாக்டானில் சுமார் 400 ஹெக்டேர் குளங்களில் லாத்தோ விளைந்ததாகப் பிலிப்பைன்ஸ் பாசியியல் அறிஞர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உணவுப் பாசி வளர்ப்பின் வரலாற்றில் இப்படிக் களையாக நுழைந்து பயிரானது வேறு எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்; எனக்கு உடனே எதுவும் நினைவுக்கு வரவில்லை.

ஒரு பாத்தியில் நடவு நடந்துகொண்டிருந்தது. நடவு என்ற சொல்லை நான் உவமைக்காகச் சொல்லவில்லை. தலையில் துணி சுற்றிய இரண்டு பெண்கள், தொடைவரை நீரில் நின்று, இடுப்பில் கட்டிய கூடையிலிருந்து ஒரு கைப்பிடிப் பாசியை எடுக்கிறார்கள். அது நூறு கிராம் இருக்கும். குனிந்து, அதன் ஒரு முனையைக் கட்டைவிரலால் சேற்றுக்குள் அழுத்தி, உள்ளங்கையால் சேற்றை மூடிவிட்டு, ஓர் எட்டுத் தள்ளி அடுத்த பிடியை ஊன்றுகிறார்கள். நாற்று முடியைப் பிரித்து நடும் அதே குனிவு, அதே பின்னோக்கிய நடை. ஒரு ஹெக்டேருக்கு ஒரு டன் அளவுக்கு நாற்று தேவைப்படுகிறது. விதையோ வித்தோ கிடையாது. போன அறுவடையில் மிச்சம் வைத்ததுதான் நாற்று.

நாங் ஒரு கொத்தைச் சேற்றோடு பெயர்த்து என்னிடம் நீட்டினார். முப்பத்தோர் ஆண்டுக் கரும்பலகை வாக்கியம் கையில் கனத்தது. கீழே, சேற்றைப் பற்றிய வெண்ணிற நார்கள். அவை வேர்கள் போலத் தோன்றினாலும் வேர்கள் அல்ல, பற்றுறுப்புகள். நடுவே கிடையாக ஓடும் தண்டு, நூலைவிடக் கொஞ்சம் தடிப்பு. அதிலிருந்து மேலே எழும் காம்புகளும் அவற்றைச் சூழ்ந்த உருண்டைகளும். இந்தக் கொடி முழுவதும் தடுப்பே இல்லாத ஒரே குழாய். ஒரு முனையில் இருக்கும் உட்கருவும் பச்சையமும் ஒழுகி ஒழுகி மறுமுனை வரை போய்வரலாம். வழியில் கதவு எதுவும் இல்லை. குழாய் நசுங்காமல் தாங்குவதற்கு உட்புறச் சுவரிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய இழைகள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன. சாரம் கட்டிய கட்டடம் போல. அந்த முட்டுகளுக்கு இடையில்தான் செல்லின் உயிர்நீர் ஓடுகிறது.

தடுப்பில்லாத வீட்டில் ஓர் ஓட்டை விழுந்தால் எல்லாம் ஒழுகிப் போக வேண்டும் அல்லவா? அதைத்தான் நாங் காட்டினார். ஒரு தண்டை நகத்தால் கிள்ளினார்; கிள்ளிய இடத்தில் பச்சையாக ஒரு துளி கசிந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூழாக இறுகி அடைத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் சாறே அடைப்பானாக மாறிவிடுகிறது. இந்தத் திறமை இல்லாவிட்டால் ஒரு மீன் கொறித்த கொறிப்பிலேயே முழுச் செடியும் செத்திருக்கும். நாற்று பிய்த்து நடுவது என்ற பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

என் கணவரின் கேள்வி வேறு: தண்ணீர் எத்தனை டிகிரி? உப்பளக்காரர்கள் நீரின் கனத்தை டிகிரியில்தான் பேசுவார்கள். கடல்நீர் 3 டிகிரி. பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ந்து 25 டிகிரி வந்தால் உப்பு பூக்கும். நோங் இதை எப்படியோ மொழிபெயர்க்க, நாங் சிரித்துவிட்டு மதகைக் காட்டினார். கடல் எப்படியோ குளமும் அப்படியே இருக்க வேண்டும். கூடினாலும் கெடும், குறைந்தால் அதைவிட விரைவாகக் கெடும். அதனால் கடல் ஏறும் நேரம் பார்த்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மதகைத் திறந்து பழைய நீரை விட்டுப் புது நீர் ஏற்றுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் நீரை 3-லிருந்து 25-க்கு ஏற்றுவதற்குக் கணக்கு எழுதிய மனிதர், அதை 3-லேயே நிறுத்தி வைப்பதற்கு இத்தனை பாடா என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மழைதான் எதிரி என்றார் நாங். பெருமழை பெய்தால் நன்னீர் கனமில்லாததால் மேலே மிதக்கும். மதகின் மேற்பலகையை மட்டும் உருவிவிட்டால் அந்த மேல்நீர் வழிந்து போகும், அடியில் உள்ள உப்புநீர் தங்கும். எங்கள் உப்பளத்திலும் மழைக்கு இதே கைவேலைதான் என்றார் என் கணவர், மிகுந்த மகிழ்ச்சியோடு. ஆனால் பலகையை உருவ ஆள் போக முடியாத மழையும் உண்டு. 2021 டிசம்பர் 16 இரவு செபுவைத் தாக்கிய சூறாவளியை இங்கே ஒடெட் என்கிறார்கள். அன்று கூரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், விடிந்து வந்து பார்த்தபோது வரப்பு இரண்டு இடத்தில் அறுந்து, பாசி வெந்த கீரை போலக் கிடந்ததாகவும் சொன்னார். பக்கத்துக் குளத்தில் தப்பியதை நாற்றாக வாங்கி மீண்டும் நட்டிருக்கிறார்.

மூன்றாம் நாள், செவ்வாய்

பாலம் கடந்து செபு நகரத்துக்குப் போனோம். 2022-இல் திறந்த புதிய பாலம் மாக்டான் தீவின் கோர்டோவா என்னும் ஊரிலிருந்து கடலுக்கு மேலே நீண்டு நேராக நகருக்குள் கொண்டுபோய் விடுகிறது. கார்பன் சந்தை என்னும் பழைய சந்தையில் கருவாட்டு வரிசைக்கு அப்பால் பாசிக்காரப் பெண்கள் அமர்ந்திருந்தார்கள். ஒருவரிடம் லாத்தோ, அடுத்தவரிடம் குசோ என்னும் கொம்பு கொம்பான தடித்த பாசி.

குசோவைப் பார்த்ததும் நான் நின்றேன். மண்டபம், பாம்பன் பகுதிப் பெண்கள் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் காப்பாஃபைகஸ் பாசியின் இனம் இது. அங்கே வளரும் வகையின் பூர்வீகமும் பிலிப்பைன்ஸ்தான். நாம் அதைக் காயவைத்து மூட்டை கட்டித் தொழிற்சாலைக்கு அனுப்புகிறோம். இங்கே கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, காடியும் (வினிகர்) இஞ்சியும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். அது செம்பாசி வகை, நம் கதைக்குப் பக்கத்து வீடு. ஆகவே இத்தோடு விடுகிறேன்.

லாத்தோக்காரப் பெண் கூடையின் மேல் மூடிய வாழையிலையை விலக்கிக் காட்டினார். தண்ணீர் தெளிக்கிறீர்களா என்று கேட்டேன். குழாய்த் தண்ணீரைத் தொடவே விடமாட்டேன், விற்கும்வரை கடல்நீர் ஈரம் மட்டும் போதும், வாங்கிப் போகிறவர்கள் உண்ணும் நேரத்தில் ஓர் அலசு அலசிக்கொள்ளட்டும் என்றார். காடியை முன்கூட்டியே ஊற்றாதீர்கள், தனிக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். ஊற்றிய சில நிமிடங்களில் உருண்டைக்குள் இருக்கும் நீர் வெளியே இழுபட்டுச் சுருங்கிவிடும்; மெல்லும்போது வெடிக்காது. வெடிக்காத லாத்தோவை இங்கே ஒருவரும் மதிப்பதில்லை.

அரைக் கிலோ வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினோம். நாளைக் காலை வெயிலில் வைத்துக் கைலென்ஸில் பார்க்கலாம், வாடாமல் இருக்கட்டும் என்று பையோடு அறையின் ஃபிரிட்ஜில் வைத்தேன்.

நான்காம் நாள், புதன்

தாவரவியல் ஆசிரியை செய்யக் கூடாத காரியத்தைச் செய்திருக்கிறேன். காலையில் பையைத் திறந்தால் அடியில் பச்சைத் தண்ணீர்; அதற்கு மேல் நூல் நூலாகத் தொங்கும் காம்புகள்; உருண்டைகள் காற்றுப்போன பலூன் தோல்கள். வெப்பக் கடலின் செடிக்கு 4 டிகிரிக் குளிர் என்பது அடுப்பில் வைப்பதற்குச் சமம்; குளிரில் சவ்வு கெட்டு, உள்நீர் கசிந்து, ஒரே அறையாக இருந்தது ஒரே நேரத்தில் காலியாகிவிட்டது. பல செல் தாவரமாக இருந்திருந்தால் சில செல்கள் செத்துச் சில பிழைத்திருக்கும். நேற்றுக் கூடையில் இருந்தபடியே, அறை வெப்பத்தில், ஈர இலைக்குள் வைத்திருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்கும்.

என் கணவர் எதுவும் சொல்லவில்லை. பையை வாங்கிக் கழிவறையில் கொட்டிவிட்டு வந்து, உங்கள் மாணவிகளிடம் இதைச் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்டேன், இதோ.

ஐந்தாம் நாள், வியாழன்

மாக்டானிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குள் ஒலாங்கோ தீவு. வலசைப் பறவைகளுக்காக 1994-இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம். பிலிப்பைன்ஸில் முதன்முதலாகச் சேர்ந்ததும் இதுதான். பறவை பார்க்க வந்தவர்கள் தொலைநோக்கியை மேலே தூக்கியபடி நடக்க, நான் மட்டும் காலடியைப் பார்த்து நடந்தேன். கடல் வற்றும் நேரத்தை இங்கே ஹுனாஸ் என்கிறார்கள். வற்றிய கடலில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கணுக்கால் ஆழம்தான்.

வழிகாட்டியாக வந்த நோங் சிறுவயதிலிருந்தே இந்தத் திட்டில் சிப்பி பொறுக்கியவர். கடற்புல் முடிந்து பவளக் கற்கள் தொடங்கும் விளிம்பில் அவர் குனிந்து, ஒரு கல்லின் நிழலிலிருந்து பச்சைக் கண்ணாடிக் கோலி போன்ற ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். புன்னைக்காய் அளவு, பளபளவென்று, என் முகம் அதில் சிறிதாகத் தெரிந்தது. வலோனியா. அதுவும் பச்சைப்பாசி, அதுவும் ஒரே செல்; லாத்தோ கொடியாக ஓடிப் பரவியதை இது உருண்டையாகத் திரட்டி வைத்திருக்கிறது. அழுத்திப் பார்க்க வேண்டும் என்று விரல் துடித்தது. கல்லுக்கடியில் திரும்ப வைத்துவிட்டேன். சற்றுத் தள்ளி, வட்ட வட்டச் சில்லுகளைக் கோத்தது போன்ற ஹாலிமெடா. உடம்பில் சுண்ணாம்பு சேர்த்துக்கொள்ளும் பச்சைப்பாசி அது. செத்த பின் அதன் சில்லுகள் உதிர்ந்து வெள்ளை மணலோடு சேர்கின்றன. இந்தத் தீவுகளின் கடற்கரையில் படுத்து வெயில் காய்கிறவர்கள் பாதிப் பாசி மேல்தான் படுத்திருக்கிறார்கள் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

லாத்தோ, விளிம்புக்கு அப்பால் இடுப்பளவு நீரில் கிடைத்தது. குளத்துப் பயிரின் காட்டு உறவு. கொத்து சிறியது, நிறம் அடர்த்தி, காம்பு குட்டை. பக்கத்திலேயே அதன் சகோதர இனமான கௌலெர்பா ரேசிமோசாவும் கல்லைப் பற்றி இருந்தது. இரண்டையும் ஒரு வெள்ளைத் தட்டில் கடல்நீரோடு வைத்து லென்ஸில் பார்த்தேன். ரேசிமோசாவின் உருண்டை கீழ்நோக்கிச் சரிந்து, புனல் போலக் காம்போடு கலந்துவிடுகிறது. லாத்தோவில் அப்படியில்லை: முழு உருண்டை, அதன் கீழே குட்டைக் காம்பு, இரண்டும் சேரும் இடத்தில் நூல் கட்டி இறுக்கியது போன்ற ஓர் இடுக்கு. உருண்டைகள் ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் அந்த இடுக்கைக் கண்டுபிடித்துவிட்டால் பெயரில் சந்தேகம் வராது. 1837-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் யாகோப் அகார்டு இதற்குப் பெயரிட்டபோது அவர் கையில் இருந்தது, ஜெர்மானியப் பயணி எடுவர்ட் ருப்பெல் செங்கடலிலிருந்து கொண்டுவந்த உலர்ந்த மாதிரி. உலர்ந்து தட்டையான உருண்டைகள் அவருக்குப் பருப்பை நினைவூட்டியிருக்கின்றன. லென்டில்லிஃபெரா என்றால் பருப்பைத் தாங்குவது. ஜப்பானின் ஒகினாவா தீவுக்காரர்கள் இதையே உமிபுடோ, அதாவது கடல் திராட்சை என்கிறார்கள். உயிரோடு பார்த்துப் பெயர் வைத்தவர்களுக்கும் உலர்ந்ததைப் பார்த்துப் பெயர் வைத்தவருக்கும் உள்ள வேறுபாடு அது. அந்த ஒகினாவாவில் இருந்துதான் 2019-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து வெளியிடப்பட்டது: ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் எழுத்துகள், 9,300-க்குச் சற்று மேல் மரபணுக்கள். நமக்கு இருக்கும் மரபணுக்கள் அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நாமோ பல லட்சம் கோடிச் செல்கள், இது ஒன்று.

தட்டிலிருந்து பாசியைத் திரும்ப விடும்போது ஒரு துண்டு ஒடிந்து மிதந்தது. நோங் அதைப் பொருட்படுத்தவில்லை. எங்காவது தங்கி வேர் விடும் என்றார். இங்கே, பிறந்த கடலில், அது உண்மையும் நன்மையும். அந்நியக் கடலில் அதே குணம் என்ன செய்யும் என்பதற்கு இதன் இன்னொரு சகோதரி டாக்ஸிஃபோலியா சாட்சி. 1984-இல் மொனாக்கோவின் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அடியில், மத்தியதரைக் கடலில், ஒரு சதுர மீட்டர் அளவில் அது காணப்பட்டது. மீன் தொட்டிகளில் அழகுக்கு வளர்த்த வகை. பின்னர் நங்கூரத்திலும் வலையிலும் ஒட்டிய துண்டுகளாகவே கரை கரையாகப் போய் ஆயிரக்கணக்கான ஹெக்டேரை மூடியது. 2000-இல் கலிபோர்னியாவின் ஓர் உப்பங்கழியில் தலைகாட்டியபோது அங்கே தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி, ஆறு ஆண்டு போராடி ஒழித்தார்கள். ஒரு கிள்ளலைத் தாங்கும் உடம்பு என்று திங்கட்கிழமை நான் வியந்தேனே, அதன் மறுபக்கம் இது.

ஆறாம் நாள், வெள்ளி

நாங் அறுவடைக்கு அழைத்திருந்தார். விடியலில் போனால் பாத்தியின் ஒரு மூலை வெளுத்திருந்தது. நேற்று மாலை பச்சையாக இருந்ததாம். மழையும் இல்லை, நோயும் இல்லை. இது நான் பாடத்தில் மட்டும் படித்தது. கௌலெர்பா இனப்பெருக்கம் செய்ய முடிவெடுத்தால் தன்னில் ஒரு பகுதியை ஒதுக்குவதில்லை. இருக்கும் ஒரே அறையில் உள்ள அத்தனை உயிர்ப்பொருளும் இரவோடு இரவாகப் பாலணுக்களாக மாறி, விடியும் நேரத்தில் பச்சைப் புகையாக நீரில் வெளியேறிவிடும். மிஞ்சுவது வெள்ளைக் கூடு. நான் குனிந்து ஒரு காம்பை எடுத்தேன். உருண்டைகள் எல்லாம் தத்தம் வடிவில் அப்படியே இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. தொட்டதும் கரைந்தது. நாங்குக்கு இது நட்டம். ஒரு கூடைக்கு மேல் போயிற்று என்று கணக்குச் சொன்னார். நட்டத்தைக் கண்டு முகம் மலர்ந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நட்டு இரண்டு மாதமான பாத்தியில் மீதி அறுவடை நடந்தது. அறுவடை என்றால் அரிவாள் இல்லை. கையால் பெயர்த்து, அங்கேயே குளத்து நீரில் அலசிச் சேறு போக்கி, மிதக்கும் கூடையில் போடுகிறார்கள். நான்கில் ஒரு பங்கை அடுத்த பயிருக்கென்று சேற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். கரையில் கொட்டகை நிழலில் நான்கு பெண்கள் கடல்நீர்த் தொட்டியைச் சுற்றி அமர்ந்து தரம் பிரிக்கிறார்கள்: வெளிறியது, பழுப்பேறியது, சிப்பிக் குஞ்சு ஒட்டியது, வேறு பாசி பின்னியது எல்லாம் தனியே. வெளிறியது மிகுந்தால் குளத்தில் சத்துக் குறைந்துவிட்டது என்று பொருள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் விரல் நுனிகளில் பச்சைச் சாறு. என் பக்கத்தில் இருந்த பெண்ணின் விரல்களோ உலர்ந்தே இருந்தன. அவர் காம்பைப் பிடிக்கவே இல்லை. விரல்களை நீருக்குள் விரித்து வைத்து, பாசி தானாக அதன் மேல் படியும்படி விட்டு, அப்படியே தூக்கினார். நான் உடைத்தவற்றை ஒன்றும் சொல்லாமல் தன் பக்கம் இழுத்துத் தனிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டார்; நண்பகலில் சோற்றோடு அவை எங்களுக்கே வந்தன.

கூடைகள் மூங்கிலால் ஆனவை. உள்ளே வாழையிலை, அதன்மேல் பாசி, நடுவே அழுத்தாமல் மேலே மீண்டும் இலை. மாலைக்குள் துறைமுகம் போனால் கப்பலில் மணிலா. இந்த முறை என் கணவர் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

எட்டாம் நாள், ஞாயிறு, பாம்பன்

நேற்று முழுவதும் பயணம். பச்சை லாத்தோவைக் கொண்டுவர முடியாது என்று தெரியும்; ஃபிரிட்ஜில் பட்டது போதும். ஆனால் சிங்கப்பூரில் ஒரு கடையில் வியட்நாமில் விளைந்த இதே பாசி, உப்பில் சுருங்கவைத்த பொட்டலமாகக் கிடைத்தது. அங்கே அறுவடைக்குப் பின் பாசியை ஒரு நாள் போலத் தொட்டியில் வைத்துக் காயம் ஆறவிட்டு, பிறகு உப்புநீரில் போட்டு உள்நீரை மெல்ல வெளியேற்றிச் சுருங்க வைத்து அடைக்கிறார்கள்.

என் சின்னம்மா பாம்பனில் இருக்கிறார். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, தீவுகளை ஒட்டிய பாருகளில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், முங்கி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்னும் கடற்பாசிகளை அள்ளி மக்களை வளர்த்தவர். இன்று காலை அவர் வீட்டு அடுப்படியில் பொட்டலத்தைப் பிரித்தேன். கிண்ணத்தில் விழுந்தது வதங்கிய கறிவேப்பிலைக் காம்பு போல இருந்தது. நல்ல தண்ணீர் ஊற்றினேன். செபுவில் எந்த நல்ல தண்ணீர் ஆகாது என்றார்களோ அதுவே இங்கே வேலை செய்தது: உப்பேறிச் சுருங்கியவை நீரை உறிஞ்சி ஒவ்வோர் உருண்டையாகப் புடைத்து, மூன்று நிமிடத்தில் கிண்ணம் பச்சை மணிகளால் நிறைந்தது.

“ஏத்தா, இதோட அக்கா தங்கச்சியெல்லாம் நம்ம பாருல கெடக்குமே. கால வச்சா வழுக்கும். அதுக்கு யாவாரி கெடையாதுன்னு நாங்க தொட மாட்டோம்” என்றார் சின்னம்மா. லென்ஸ் இல்லாமலே இனத்தைச் சொல்லிவிட்டார். மன்னார் வளைகுடாவில் கல்லைப் பற்றிக் கிடப்பவை ரேசிமோசாவும் அதன் உறவுகளும்தான்.

ஒரு காம்பை எடுத்து முகர்ந்து, வாயில் போட்டு, வெடித்த சத்தத்துக்குத் தானே சிரித்தார். இன்னொன்றை எடுத்தார்.

“உப்பு கம்மிதான். அங்க கிலோ என்ன வெல?”

செபு சந்தையில் நான் கொடுத்ததை ரூபாயில் சொன்னேன். சின்னம்மா மரிக்கொழுந்தின் விலையை நினைவிலிருந்து எடுத்து, விரல்விட்டு ஒரு முறை கணக்குப் போட்டார். பிறகு கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.